கண்டிப்பான அப்பாவும் பேசாத மகனும்: உறவைச் சீராக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீங்கள் வீட்டுக்குள் நுழைகிறீர்கள். அதுவரை கூடத்தில் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து தன் அறைக்குப் போகிறான். கதவை அறைந்து சாத்துவதுகூட இல்லை. சத்தமே வராமல் சாத்திக்கொள்கிறான், அவ்வளவு பழகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றால், மேலே படியுங்கள்.

எங்கள் வீட்டில் இது ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஓடியது. மகனுக்கு அப்போது 15 வயது. அவன் நன்மைக்குத்தான் கத்துகிறேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. அவனுக்கும் இருந்ததில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. "நீங்க பாசமா இருக்கீங்கன்னு தெரியும்ப்பா. ஆனா உங்ககிட்ட பேச ஆரம்பிச்சா ஏதாவது ஒண்ணுல மாட்டிக்குவேன்" என்றான். பாசம் தெரியாமல் விலகியிருந்தால் பாசத்தைக் காட்டினால் போதும். தெரிந்தே விலகிப் போகிறவனை என்ன செய்வது?

'தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்' என்று உடனே யாராவது சொல்வார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அவனுக்குத் தோழர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அப்பா நீங்கள் ஒருவர்தான். அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு அவன் நண்பர்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் அவனுக்கே கூச்சமாக இருக்கும். ஆகவே கண்டிப்பை விடச் சொல்லப் போவதில்லை. கண்டிக்கும் விஷயங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லப் போகிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான வழிதான்.

கண்டிப்பு எங்கே கெடுகிறது

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோர்களைக் கவனித்து மூன்று வகையாகப் பிரித்தார். கட்டளை மட்டும் போடுகிறவர்கள், எதையும் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள், நிறைய எதிர்பார்த்தாலும் அதே அளவு அரவணைத்துக் காரணம் சொல்லிப் பேசுகிறவர்கள். 1983-ல் எலினார் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் இதை இரண்டு அளவுகோல்களாக மாற்றினார்கள்: எதிர்பார்ப்பு ஒன்று, அரவணைப்பு இன்னொன்று. கண்டிப்பான அப்பாக்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இரண்டும் தனித்தனி அளவுகோல்கள். ஒன்றைக் கூட்ட இன்னொன்றைக் குறைக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் சிரிச்சுப் பேசினா தலைமேல ஏறிடுவான்" என்ற பயத்துக்கு இதில் இடமில்லை.

அப்படியானால் கெடுவது எது? பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் 1996-ல் கட்டுப்பாட்டையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: நடத்தையைக் கட்டுப்படுத்துவது, மனதைக் கட்டுப்படுத்துவது. "ராத்திரி ஒன்பது மணிக்குள்ள வீட்டுல இருக்கணும்" என்பது முதல் வகை. "உன்னால வெளியில தலை காட்ட முடியல", "உனக்காக நான் உயிரைக் குடுத்து உழைக்கிறேன், நீ என்னடான்னா..." என்பவை இரண்டாம் வகை. மூன்று நாள் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதும் இதில்தான் சேரும். பிள்ளைகளின் மனச்சோர்வோடு தொடர்ந்து சேர்ந்து வருவது இந்த இரண்டாம் வகை. நேர வரம்பு போட்டதற்காக எந்த மகனும் அப்பாவை வெறுத்துவிடுவதில்லை. முணுமுணுப்பான், அவ்வளவுதான். குற்ற உணர்ச்சியைத் தூண்டி அவனைப் பணிய வைத்தால் பணிவான், கூடவே விலகுவான்.

படி 1: ஒரு வாரம் எண்ணுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் மகனிடம் நீங்கள் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதில் நான்கு பெட்டிகளில் போடுங்கள்: உத்தரவு, விசாரணை, குறை, மற்றவை. இரவு படுக்கும்முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தெரிய வேண்டாம்.

நான் செய்தபோது முதல் இரண்டு நாளும் 'மற்றவை' காலி. மூன்றாம் நாள் ஒன்று விழுந்தது: "மழை வர மாதிரி இருக்கு." அதற்கும் அடுத்த வாக்கியம் "குடை எடுத்தியா?" விசாரணைப் பெட்டி.

விசாரணையை அப்பாக்கள் அக்கறை என்று நினைத்துக்கொள்கிறோம். "எங்க போனே, யார் கூட, எத்தனை மணிக்கு வந்தே, டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?" கேட்கிற நமக்கு அது அன்பு. பதில் சொல்கிறவனுக்கு அது காவல் நிலையம். எண்ணிப் பார்க்காமல் இது உறைக்காது. அடுத்த படிகளைத் தாண்டிப் போகலாம், இதைத் தாண்டாதீர்கள்.

படி 2: எது திமிர், எது வயது என்று பிரித்துப் பாருங்கள்

அப்பாக்கள் திமிர் என்று படிக்கும் பாதி விஷயங்கள் உடம்பின் வேலை. மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது தூக்கம். பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல் புரள்வதும் காலையில் எழ முடியாமல் கிடப்பதும் இதனால்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி. பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-ல் பரிந்துரைத்ததும் இதே காரணத்தால். கைப்பேசி இந்தத் தாமதத்தை இன்னும் கூட்டும், அது உண்மை. ஆனால் கைப்பேசி மட்டுமே காரணம் இல்லை. காலை ஆறு மணிக்குப் போர்வையை உருவி "சோம்பேறி" என்று தொடங்கும் நாள் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது மூளை. விளைவை யோசித்து அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. சுவாரசியம், பரபரப்பு, பாராட்டு இவற்றைத் தேடும் அமைப்போ பருவம் வந்ததுமே விழித்துவிடுகிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் வெவ்வேறு வயதினரை கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதினர் அதிக ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வீட்டில் நீங்கள் வாங்கிய சத்தியம் தெருமுனையில் காற்றில் போவது இப்படித்தான். அவன் பொய் சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்தபோது பக்கத்தில் நண்பர்கள் இல்லை.

மூன்றாவது தனிமை வேண்டுவது. கதவைச் சாத்துவதும், முழுப் பதில் சொல்லாததும், உங்களோடு வெளியே வர வெட்கப்படுவதும் தனி ஆளாக ஆகிற வேலையின் பகுதி. இதில் உங்கள் மேல் கோபம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லாக் கதவும் நமக்கு எதிராகச் சாத்தப்படுவதில்லை.

படி 3: விதிகளை மூன்று குவியலாக்குங்கள்

இதுதான் கட்டுரையின் நடு. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஜூடித் ஸ்மெட்டானா என்ற உளவியலாளர் பெற்றோருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் நடக்கும் சண்டைகளை நீண்ட காலம் ஆராய்ந்தவர். பிறருக்குக் கேடு செய்வது, தன் உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்து, இந்த இரண்டிலும் விதி போட அப்பா அம்மாவுக்கு உரிமை உண்டு என்று பிள்ளைகளே பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். சண்டை மூள்வது வேறு இடத்தில்: முடி, உடை, அறை, பாட்டு, நண்பன். இவை 'என் சொந்த விஷயம்' என்று மகன் நினைக்கிறான். 'குடும்ப ஒழுங்கு' என்று அப்பா நினைக்கிறார். ஒரே பொருளை இரண்டு பேரும் வேறு வேறு பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் இப்போது அவன்மேல் வைத்திருக்கும் எல்லா விதிகளையும் எழுதுங்கள். எழுதாத விதிகளையும் சேர்த்து. எனக்கு 31 வந்தது. எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. பேனாவை மூடி வைக்க வேண்டும் என்று ஒரு விதி. இப்போது பிரியுங்கள்.

அசையாதவை: உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தானவை, பிறர்மேல் கை ஓங்குவது, போதை, பொய் சொல்லி இரவு வெளியே தங்குவது, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவது. இவற்றில் பேச்சுக்கே இடமில்லை. ஐந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தும் கல்லாக இருக்கட்டும்.

பேசி முடிக்க வேண்டியவை: வீடு திரும்பும் நேரம், கைப்பேசி, படிக்கும் நேரம், கைச்செலவு, வீட்டு வேலை. விதி உண்டு, ஆனால் அவனும் உட்கார்ந்து பேசிப் போட்ட விதியாக இருக்கும்.

விட்டுவிட வேண்டியவை: முடி, சட்டை, அறையின் கோலம், கேட்கும் பாட்டு, உட்காரும் விதம், மூடாத பேனா. விடுவது என்றால் வாயை மட்டும் மூடிக்கொண்டு முகத்தில் காட்டுவது அல்ல. பெருமூச்சும் பேச்சுதான்.

மூன்றாம் குவியலைக் கண்டு வயிற்றைக் கலக்கும். 'இதையெல்லாம் விட்டால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு?' தலைகீழாக யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை 'கூடாது' கேட்கிறவனுக்கு, பேனாவுக்கும் போதைக்கும் நீங்கள் ஒரே குரலில் சொல்வதாகத்தான் கேட்கும். அவனால் தரம் பிரிக்க முடியாது. ஐந்தே விஷயத்துக்கு மட்டும் குரல் உயர்த்துகிற அப்பாவின் குரல் உயர்ந்தால் வீடு திரும்பிப் பார்க்கும்.

மதிப்பெண் எந்தக் குவியல்? படிக்க உட்காரும் நேரம் இரண்டாவதில் வரும். வாங்கும் எண் எந்தக் குவியலிலும் வராது. அதை விதியாகப் போட முடியாது. முடிவு வருகிற நாளன்று அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மறுநாள், எந்தப் பகுதி புரியவில்லை என்பதில் தொடங்குங்கள். பெரியப்பா மகன் என்ன வாங்கினான் என்பது உங்கள் இருவருக்கும் இடையே வர வேண்டிய செய்தியே இல்லை.

படி 4: ஒரு தாளில் எழுதுங்கள், அவனையும் எழுத விடுங்கள்

இரண்டாம் குவியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சண்டை நடந்த அன்று வேண்டாம். அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு விதிக்கும் நான்கு விஷயம்: விதி என்ன, ஏன், மீறினால் என்ன, எப்போது மறுபடி பார்ப்போம்.

ஒரு மாதிரி: "இரவு 10.30-க்கு எல்லோருடைய கைப்பேசியும் கூடத்தில் சார்ஜில் இருக்கும். காரணம் தூக்கம். மீறினால் மறுநாள் ஒரு மணி நேரம் முன்பே வைக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் பார்ப்போம்." எல்லோருடையதும் என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுடையதும்தான். நீங்கள் படுக்கையில் காணொளி பார்த்துக்கொண்டு அவனுடையதை மட்டும் வாங்கி வைத்தால் அது விதி இல்லை, அதிகாரம்.

தண்டனையைச் சின்னதாக வையுங்கள். ஒரு மாதத்துக்குக் கைப்பேசி கிடையாது என்று கோபத்தில் சொல்லிவிடுகிறோம். மூன்றாம் நாள் அவனுக்கு இழக்க எதுவும் இல்லை. உங்களுக்குப் பிடுங்க எதுவும் இல்லை. பத்தாம் நாள் அம்மா ரகசியமாகத் தன்னுடையதைக் கொடுப்பார். ஒன்றோ இரண்டோ நாள், சொன்னபடி நடக்கும், முடிந்ததும் பழைய கணக்கு கிடையாது. இதுதான் வேலை செய்யும்.

பிறகு தாளை அவன் பக்கம் தள்ளி, "எனக்கு ஒரு விதி போடு" என்று சொல்லுங்கள். ஒன்றாவது போட வேண்டும். என் மகன் மூன்று நிமிடம் யோசித்துவிட்டு, "கதவைத் தட்டிட்டு உள்ள வரணும். தட்டிட்டு, நான் சொன்ன அப்புறம் வரணும்" என்று எழுதினான். தட்டியபடியே உள்ளே வருகிற என் பழக்கத்தை அவன் அத்தனை வருடமும் கவனித்திருக்கிறான்.

அடியைப் பற்றி

பலருக்கு இது முடிந்துபோன விஷயம், சிலருக்கு இல்லை. அதனால் சுருக்கமாக. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் இருவரும் 2016-ல் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தரவு. கையால் அடிப்பது பிள்ளையின் முரட்டுத்தனத்தோடும் மனநலக் குறைவோடும் சேர்ந்து வந்ததே தவிர, நல்ல நடத்தையோடு சேர்ந்து வரவில்லை.

"எங்க அப்பா அடிச்சுத்தான் வளர்த்தார், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்ற வாதம் எனக்கும் வாயில் வரும். அப்பாவோடு மனம்விட்டு எத்தனை முறை பேசினேன் என்று கேட்டுக்கொண்ட பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

படி 5: சண்டை சூடேறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீட்டுச் சண்டைகள் எப்படிப் பழக்கமாகின்றன என்று விளக்கியிருக்கிறார். நீங்கள் சொல்கிறீர்கள், அவன் கேட்கவில்லை. குரலை உயர்த்துகிறீர்கள், அவனும் உயர்த்துகிறான். கடைசியில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பார். அவன் பணிந்தால், கத்தினால் வேலை நடக்கும் என்று நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். நீங்கள் "எக்கேடு கெட்டுப் போ" என்று எழுந்து போனால், எதிர்த்துக் கத்தினால் அப்பா விட்டுவிடுவார் என்று அவன் கற்றுக்கொள்கிறான். ஒவ்வொரு சண்டையிலும் இருவரில் ஒருவருக்குப் பாடம் நடக்கிறது. அடுத்த முறை நேரே உயர்ந்த குரலிலேயே தொடங்குகிறீர்கள்.

இதை உடைக்க இடையில் எழுந்து போக வேண்டும். கோபித்துக்கொண்டு அல்ல, சொல்லிவிட்டு. "எனக்குக் கோபம் வருது. இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன். சாப்பிட்டு முடிச்சுப் பேசலாம்." உடம்பு பொங்கிய பிறகு அடங்க இருபது நிமிடமாவது ஆகும், அந்த நேரத்தில் அடுத்து என்ன சொல்லலாம் என்று மனதில் வசனம் எழுதிக்கொண்டிருந்தால் அடங்காது. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து பேசுங்கள். வராவிட்டால் அது தப்பித்தல் ஆகிவிடும்.

அவன் எழுந்து போனால்? போக விடுங்கள். "நான் பேசிட்டிருக்கும்போது எங்கடா போறே?" என்று பின்னால் போய்க் கையைப் பிடித்து நிறுத்திய சண்டைகள்தான் பெரும்பாலும் கைகலப்பில் முடிகின்றன. நீங்கள் எழுந்து போகலாம் என்றால் அவனும் போகலாம்.

படி 6: மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கண்டிப்பான அப்பாக்களுக்கு மிகவும் கடினமான படி இது. மன்னிப்பு என்ற சொல்லே தொண்டையில் சிக்கும். அந்தச் சொல் வேண்டாம். "நேத்து உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நான் திட்டினது தப்புடா" என்றால் போதும். மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எப்போது, என்ன செய்தேன், அது தப்பு. பிறகு நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்துவதுதான் கஷ்டம். வாய் தானாக "ஆனா..." என்று தொடங்கும். "ஆனா நீ அப்படிப் பேசினதாலதான் நான்..." முடிந்தது. முதல் பாதி மறைந்துவிட்டது. அவன் காதில் இன்னொரு குற்றச்சாட்டு விழுந்தது. அவன் தப்பைப் பேச வேண்டுமானால் நாளைக்குப் பேசுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அவன் உருகிப்போவான் என்று எதிர்பார்க்காதீர்கள். "ம்" என்பான். "சரிப்பா" என்பான். கைப்பேசியிலிருந்து தலையைக்கூடத் தூக்கமாட்டான். கேட்டிருக்கிறான். அந்த இடத்தைவிட்டு நகருங்கள். நின்று பதில் வாங்காதீர்கள்.

பிடித்த பண்டம் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவதும், வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைப்பதும் அப்பாக்களின் பழைய மொழி. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லால் காயப்படுத்தியதற்குச் சொல்லால்தான் மருந்து.

படி 7: 'மற்றவை' பெட்டியை நிரப்புங்கள்

முதல் படியின் நான்காம் பெட்டி இது. "வா, மனசுவிட்டுப் பேசலாம்" என்று எதிரே உட்கார வைத்தால் எந்தப் பையனும் வாயைத் திறக்கமாட்டான். பக்கம் பக்கமாக இருக்கும்போது, கை வேறு வேலையில் இருக்கும்போது, கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது பேச்சு வரும். வண்டியில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, சைக்கிள் சங்கிலியை மாட்டும்போது. நாளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.

கேள்வியைக் குறைத்து, உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். அறிவுரைக் கதை வேண்டாம். "உன் வயசுல நான்..." என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். இன்று அலுவலகத்தில் நீங்கள் சொதப்பிய விஷயம், தப்பான ஆளுக்கு அனுப்பிய செய்தி, மேலாளரிடம் வாங்கிய திட்டு. அப்பாவும் தப்பு செய்து சமாளிக்கிற ஆள்தான் என்பது அவனுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

அவன் உலகத்தில் ஒன்றையாவது தெரிந்துகொள்ளுங்கள். நான் அவன் ஆடும் கணினி விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். முதல் ஐந்து நிமிடத்தில் என் ஆளைக் குன்றின் மேலிருந்து கீழே விழ வைத்தேன். "அந்த பட்டனை அழுத்தாதீங்கன்னு சொன்னேன்ல, ஒரு தடவ சொன்னா கேக்கமாட்டீங்களா?" என்றான். குரல், இழுப்பு, எல்லாம் என்னுடையது. நான் அவ்வளவு எரிச்சலாகத்தான் பேசுகிறேன் என்பதை வேறு யாரும் எனக்கு இத்தனை துல்லியமாகச் சொன்னதில்லை.

"தெரியல", "ஒண்ணுமில்ல", "சும்மா" என்று வரும் பதில்களைத் தோண்டாதீர்கள். அப்படியே விடுங்கள். சில சமயம் பதினைந்து நிமிடம் கழித்து, விளக்கை அணைக்கப் போகும்போது உண்மையான பதில் வரும். அப்போது விளக்கை எரியவிட்டு நில்லுங்கள்.

படி 8: அவன் ஒன்றைச் சொல்லும்போது முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரிடமும் அவர்கள் பெற்றோரிடமும் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் அது எப்படித் தெரிந்தது என்று பார்த்தார்கள். கண்காணித்தும் குடைந்து கேட்டும் தெரிந்துகொண்டதைவிட, பிள்ளை தானாகச் சொல்லித் தெரிந்ததே அதிகம். கைப்பேசியை எடுத்துத் துழாவுகிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நமக்கு வரும் தகவலின் குழாய் அவன் கையில் இருக்கிறது.

அந்தக் குழாய் மூடுவது ஒரு நொடியில். அவன் நண்பன் புகை பிடித்ததாகச் சொல்கிறான். உங்கள் புருவம் ஏறுகிறது. "நீயும் பிடிச்சியா?" அடுத்த ஒரு வருடத்துக்கு எந்த நண்பனைப் பற்றியும் செய்தி வராது. அவன் அப்போது உங்களைச் சோதித்துப் பார்த்தான்; பெரிய விஷயத்தைச் சொல்வதற்கு முன் சின்ன விஷயத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். "அப்படியா, உனக்கு என்ன தோணுச்சு?" என்பதே போதுமான பதில். உள்ளே பதறட்டும்.

இதோடு ஒரு வாக்குக் கொடுங்கள்: "எங்க மாட்டிக்கிட்டாலும், எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. வந்து கூட்டிட்டு வரேன். அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி கேக்கமாட்டேன்." மறுநாள் பேசலாம், தாளில் உள்ள விளைவும் உண்டு. அன்று இரவு கிடையாது. கொடுத்தால் காப்பாற்றுங்கள், ஒரு முறை மீறினால் அந்த எண்ணுக்கு மறுபடி அழைப்பு வராது.

அம்மாவைத் தூது அனுப்புவது

அப்பாவும் மகனும் நேராகப் பேசாத வீட்டில் அம்மா தபால்காரர் ஆகிவிடுகிறார். "அவன்கிட்ட சொல்லி வை." "அப்பாகிட்ட நீயே கேளும்மா." இரண்டு பக்கமும் அடி வாங்குவது அவர்தான். மகன் தவறினால் "நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்தே" என்ற பட்டமும் அவருக்கே. அதைவிடக் கெடுதல், கடிதம் போகும் வழியில் மாறிவிடும். உங்கள் கோபம் மெலிந்து போய்ச் சேரும்; அவன் வருத்தம் சாக்குபோக்காகித் திரும்பி வரும்.

தூதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். சின்ன விஷயத்தில் தொடங்குங்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதி, புத்தகத்துக்குப் பணம், இவற்றை அவன் உங்களிடமே கேட்கட்டும். முதல் சில முறை சரி என்று சொல்லக்கூடியவையாக இருக்கட்டும். மனைவியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் தடுமாறும்போது இடையில் வந்து மொழிபெயர்க்காதே. அவருக்கு இது எளிதல்ல. பல வருடத்துப் பழக்கம்.

எப்போது இந்த வழிகாட்டி போதாது

எல்லாவற்றையும் அப்பா மகன் தகராறு என்று நினைத்துவிடக் கூடாது. பதின்ம வயதில் மனச்சோர்வு சோகமாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். பையன் அழமாட்டான், எரிந்து விழுவான், நாம் திமிர் என்போம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எரிச்சலோ சோர்வோ நீடிப்பது, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விடுவது, தூக்கமும் பசியும் தலைகீழாவது, மதிப்பெண் திடீரென்று சரிவது, உடம்பில் விளக்க முடியாத காயங்கள், முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது. இவற்றைக் கண்டால் மனநல மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ போங்கள்.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அவன் சொன்னாலோ, அப்படி இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றினாலோ நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவ உதவி தேடுங்கள். கை நீட்டும் பழக்கம் உங்களிடம் இருந்து நிறுத்த முடியவில்லை என்றால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும்

முதல் வாரம் அவன் நம்பமாட்டான். "என்னம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என் மகன் கேட்டானாம். இரண்டாம் மாதம் சோதிப்பான்: விட்டுவிட்டதாகச் சொன்ன முடியை இன்னும் நீளமாக வளர்ப்பான், தாளில் உள்ள நேரத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருவான். முடிக்கு வாய் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு எழுதியிருக்கும் விளைவைக் கத்தாமல் நிறைவேற்றுங்கள். இரண்டையும் செய்தால்தான் இரண்டும் உண்மை என்று அவனுக்குப் புரியும்.

நடுவில் ஒரு நாள் நீங்கள் பழைய ஆளாகிவிடுவீர்கள். எனக்கு நான்காம் மாதம் நடந்தது. வண்டியில் போகும்போது ஆரம்பித்து வீடு வரும்வரை கத்தினேன். பெரியப்பா மகன்கூடப் பேச்சில் வந்துவிட்டான். அன்று இரவு மறுபடி ஆறாம் படி. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே இருந்து பதில் வர நெடுநேரம் ஆனது.

தாளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஓரிரண்டு வரி அடிக்கப்பட்டது. அவனுக்கு 18 முடிந்தபோது இரண்டே வரி மிச்சம் இருந்தன. இரவு வெளியே தங்கினால் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்று. அதன் பக்கத்தில் 'அப்பாவுக்கும்' என்று அவன் எழுதிச் சேர்த்திருக்கிறான். இன்னொன்று கதவு பற்றியது.